பங்குனி ஆமைகளைத் தேடி ஐந்து நாள்

மார்ச் 13, வியாழன், வேதாரண்யம்

திருத்துறைப்பூண்டி தாண்டி ஐந்தாறு கிலோமீட்டரில் பேருந்து நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போன ஓட்டுநர் ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். மாசிக் கடைசியில் இப்படி வெயில் அடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாலையோரப் புங்கமரத்தடியில் பாதிப் பேருந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா பையிலிருந்து பனையோலை விசிறியை எடுத்து, யாரும் கேட்காமலேயே என் அண்ணன் மகளுக்கு வீச ஆரம்பித்தார். தனக்கு ஒரு தடவைகூட வீசிக்கொள்ளவில்லை. இறங்கும்போது விசிறியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். இதை எழுதும் நேரத்தில் லாட்ஜில் மின்சாரம் இல்லை, அந்த விசிறிதான் எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றுகிறது.

இந்தப் பயணமே அவளுக்காகத்தான். பதினொரு வயது. ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கிய செய்தியைப் பார்த்ததிலிருந்து அவள் பழையபடி இல்லை. ஆமைக்கு நுரையீரல். வலையில் மாட்டி, மூச்சு வாங்க மேலே வர முடியாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். இதை அவளுக்கு விளக்கிச் சொன்னது நான்தான். சொன்ன பிறகு, குஞ்சுகள் கடலுக்குப் போவதையும் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. வேதாரண்யம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் சனிக்கிழமை காலை குஞ்சு விடுகிறார்கள், நீங்களும் வரலாம் என்று தெரிந்தவர் மூலம் தகவல் வந்தது. கிளம்பிவிட்டோம்.

மாசி மகம் நேற்றுதான் முடிந்திருக்கிறது. கோயிலைச் சுற்றி வளையல் கடைகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. மதியம் மடவை மீன் குழம்போடு சாப்பாடு, 130 ரூபாய். பரிமாறிய பெரியவர் சின்னவளின் இலையில் முள் எடுத்த துண்டாகப் பார்த்துப் போட்டார்.

சாயங்காலம் அந்தக் கிராமத்துக் கரையைப் பார்த்து வரப் போனோம். படகு நிழலில் ஐந்து நாய்கள், விலா எலும்பு தெரியப் படுத்திருந்தன. ஒன்றுக்கு ஒரு காது மட்டும் வெள்ளை. சின்னவள் என்னிடம் காசு வாங்கிக்கொண்டு பெட்டிக்கடைக்கு ஓடி மூன்று பாக்கெட் பிஸ்கட் வாங்கி வந்து எல்லாவற்றையும் அவற்றுக்கே போட்டாள். நான் படம் எடுத்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி, கோடியக்கரை

ஆட்டோவுக்கு 350 ரூபாய் பேசினோம். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணருகே நிறுத்தச் சொன்னேன். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்தது இங்கேதான். சுற்றிலும் உப்பளம், கண் கூசியது. வரப்பில் வேலை செய்த பெண்கள் காலில் பழைய காலுறை மாட்டியிருந்தார்கள். இரண்டு நிமிடம் நின்றதற்கே எங்களுக்குப் போதும் என்றாகிவிட்டது.

கோடியக்கரைக் காடு வேறு மாதிரி. உயரமில்லாத மரங்கள், பாலை மரம் நிறைய, உள்ளே போனதும் வெயில் சட்டென்று தணிகிறது. அதைத் தாண்டினால் புல்வெளி. வெளிமான்கள் முப்பது நாற்பது நின்றன. கொஞ்சம் தள்ளி அந்தப் பேர்பெற்ற குதிரைகள், குட்டையாக, பிடரி சிக்குப் பிடித்து. என்றோ யாரோ விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை என்கிறார்கள். மான் மேய வேண்டிய புல்லை இவை மேய்கின்றன என்று ஒரு வருத்தமும் இங்கே உண்டு. பூநாரைகள் பெரும்பாலும் கிளம்பிப் போய்விட்டன. தூரத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தது.

இன்று மனதில் நின்றது ஒரு தண்ணீர்த் தொட்டி. வெயில் காலத்தில் விலங்குகள் தவிக்கக் கூடாது என்று வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்மான் ஒன்று வந்தது, பாதி வழியில் நின்றது, திரும்பிப் புல்லைப் பார்த்தது, மறுபடி நின்றது. கூட வந்தவர்தான் காட்டினார்: தொட்டிக்கு முப்பது அடி தள்ளிப் புதர் நிழலில் ஒரு நரி, முன்னங்காலில் தலை வைத்துப் படுத்திருந்தது. "குட்டியைப் புல்லுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கும்மா. தாய் தண்ணிக்கு இறங்கினா நரி குட்டியைத் தேடும். நரிக்கு அலையவே வேண்டாம், தண்ணி இருக்கிற இடத்துல மான் வரும்னு தெரியும்."

அரை மணி நேரம் நின்றோம். மான் குடிக்கவில்லை. நரியும் நகரவில்லை. சின்னவள் கல்லெடுத்து நரியை விரட்டலாமா என்று கேட்டாள். "விரட்டினா அதுக்குத் தாகம் எடுக்காதா பாப்பா?" என்று அவர் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ராமர் பாதம் ஏறி இறங்கினோம். வழியில் கொசு பிடுங்கி எடுத்துவிட்டது. இரவு முழு நிலா.

மார்ச் 15, சனி

இந்த நாளை எழுத நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

காலை ஐந்தரைக்கெல்லாம் கரைக்குப் போய்விட்டோம். பொரிப்பகம் என்பது தென்னங்கீற்றுக் கூரை போட்டு, சுற்றி வலை கட்டிய ஒரு மணல் திட்டு. அதற்குக் காவல் இருக்கும் அண்ணன் கடலுக்குப் போனவர், முட்டி வலி வந்த பிறகு ஆமைக் காவல். இரவெல்லாம் கரையில் நடப்பார். தாய் ஆமை ஏறி வந்த தடத்தை வைத்து முட்டைக் குழியைக் கண்டுபிடித்து, சில மணி நேரத்துக்குள் முட்டைகளை எடுத்து வந்து இங்கே புதைக்க வேண்டும். நேரம் கடந்தால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிவிடும், அப்புறம் முட்டை புரண்டால் குஞ்சு பிழைக்காது. ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும், பிங்பாங் பந்து மாதிரி. ஏறக்குறைய 45 முதல் 55 நாளில் பொரியும். மணல் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். எல்லாமே பெண்ணாகிவிடக் கூடாதே என்றுதான் கூரை. ஆலிவ் ரிட்லி என்கிற இந்த ஆமைக்கு இந்தக் கரையில் பங்குனி ஆமை என்று பெயர். பங்குனி பிறக்கிற நேரத்தில் அதைக் கேட்பதே நன்றாக இருந்தது.

"எடுக்காம விட்டா என்ன ஆகும்ண்ணே?" என்று கேட்டேன். "நரி, நாய், பன்னி. ஒரு ராத்திரி தாங்காது தங்கச்சி."

87 குஞ்சுகள் விடியற்காலை நாலு மணிக்கே மேலே வந்து இரண்டு பிளாஸ்டிக் தொட்டியில் காத்திருந்தன. உள்ளங்கையில் பாதிகூட இல்லை ஒவ்வொன்றும். கறுப்பு. துடுப்பு அடித்துக்கொண்டே இருந்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறி. அந்தத் துடிப்பு வீணாகப் போகக் கூடாது என்று அண்ணன் சொன்னார். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்துத்தான் முதல் ஒன்றிரண்டு நாள் ஓயாமல் நீந்திக் கரையைவிட்டுத் தள்ளிப் போகும். தொட்டியிலேயே அடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பலம் அங்கேயே தீர்ந்துவிடும்.

விழாவை ஏற்பாடு செய்தவர்கள் விருந்தினருக்காகக் காத்திருந்தார்கள். ஆறு மணி என்றார்கள், ஆறே முக்கால் என்றார்கள். சூரியன் எழும்பி மணல் சுட ஆரம்பித்துவிட்டது. நூற்றைம்பது பேர் இருப்போம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதி. எல்லாருக்கும் பொங்கலும் வடையும் கொடுத்தார்கள், அன்பாகவே கொடுத்தார்கள். வந்திருந்த ஒவ்வொருவரும் அந்தக் குஞ்சுகளுக்கு நல்லது நினைத்துத்தான் வந்திருந்தார்கள். அண்ணன் மட்டும் இரண்டு தடவை போய் ஏதோ சொல்லிவிட்டு வந்து, தொட்டி மேல் ஈரத்துணியை மூடினார்.

விருந்தினர் வந்தபோது ஏழு நாற்பது. அவர் நல்லவிதமாகத்தான் பேசினார், ஐந்தே நிமிடம். பிள்ளைகள் வரிசையாக நின்று ஆளுக்கு ஒன்று வாங்கி மணலில் விட்டார்கள். சின்னவளுக்கும் ஒன்று கிடைத்தது. இரண்டு கையையும் குவித்து, மூச்சுகூட விடாமல் குனிந்து விட்டாள். அது நேராகக் கடலைப் பார்த்து நடந்தது. அவள் சிரித்த சிரிப்பை ஜனவரிக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

முதலில் வந்தது காகம், படகு விளிம்பிலிருந்து. பிள்ளைகள் கத்தியதும் பறந்துபோய் இன்னும் நாலைந்தோடு திரும்பியது. அப்புறம் மேலே ஒரு செம்பருந்து, வெள்ளைத் தலை, செம்மண் நிறச் சிறகு. கூட்டத்தில் பெரியவர்கள் "கருடன், கருடன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நல்ல சகுனம் என்று பக்கத்தில் ஓர் அம்மா கண் கலங்கிக் கும்பிட்டார். கருடன் இரண்டு வட்டம் போட்டுவிட்டு, அலை நுனியில் நனைந்த மணலில் மின்னிக்கொண்டு போன ஒரு குஞ்சைக் காலால் எடுத்துக்கொண்டு மேலே போனது. அந்த அம்மாவின் கை கும்பிட்டபடியே நின்றது.

அப்புறம் எத்தனை வந்தன என்று சொல்ல முடியவில்லை. எண்பத்தேழு கறுப்புப் புள்ளிகள், வெளிர் மணல், நல்ல வெளிச்சம், எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். மேலே இருந்து பார்ப்பவற்றுக்கு அது இலை போட்டு வைத்த மாதிரி. மக்கள் துண்டை வீசினார்கள், ஓடினார்கள். ஓடியதில் யார் காலும் எதன் மேலும் பட்டுவிடக் கூடாதே என்று அண்ணன் "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தினார். தண்ணீரை எட்டியவற்றையும் விடவில்லை. குஞ்சு மூச்சுக்குத் தலை தூக்கும் இடத்தில் பருந்து தாழ்ந்து வந்து எடுத்தது. சின்னவள் பதினொன்று வரை எண்ணினாள். அதற்கு மேல் என் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அத்தை, என்னோடது போச்சா?"

அவளுடையது எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன். கடலுக்குப் போயிருக்கும் என்று பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அதே நாள், இரவு

தூக்கம் வரவில்லை. போனில் எதையோ தேடி எங்கேயோ போய் நின்றேன். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவை ஒட்டி மரியா என்று ஒரு தீவு. டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கு, முகத்தில் கட்டி வந்து பரவும் புற்றுநோயால் அழிந்துகொண்டிருந்தது. நோய் இல்லாத சிலவற்றையாவது காப்பாற்றலாம் என்று 2012-ல் அந்தத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அவை பிழைத்தன, பெருகின. அங்கே 3,000 ஜோடி குட்டிப் பெங்குயின்கள் இருந்தன. 2021-ல் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை.

இதை அவளிடம் சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்கு இன்று நடந்தது கொஞ்சம் புரிந்த மாதிரி இருக்கிறது. நாம் ஓர் உயிர் மேல் இரக்கப்படும்போது அதை மட்டுமே பார்க்கிறோம். அதைத் தின்று வாழும் உயிர் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்போது பசிக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறவர் கரையில் இன்று ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்டேன். சின்னவள் ஆமைக் காவல் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றாள்.

அவர் பொரிப்பகத்துக்கு வடக்கே கூட்டிப் போனார். இரவு அவர் தெற்கே போயிருந்த நேரத்தில் ஓர் ஆமை ஏறி முட்டையிட்டிருக்கிறது. குழி தோண்டப்பட்டிருந்தது. முட்டைத் தோல் சுருங்கிய காகிதம் போல மணலெங்கும், மஞ்சள் காய்ந்து, எறும்பு. சுற்றிலும் நாய்க் கால் தடம். கொஞ்ச தூரத்தில் வயிறு நிறைந்து படுத்திருந்தது அந்த ஒற்றை வெள்ளைக் காது.

"இதுங்க ஊர் நாய் இல்ல தங்கச்சி. லீவு நாள்ல வர்றவங்க பிஸ்கட், பன்னு, பிரியாணி மிச்சம் போடுவாங்க. அதுக்காகக் கரையிலயே தங்கிருச்சு. ஆள் வராத நாள்ல பசிக்கும்ல, என்ன செய்யும்?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். போட்டது மூன்று பாக்கெட்தான், அதனால் மட்டும் இந்தக் குழி போகவில்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று எடுத்த படத்தை என்னால் மறுபடி பார்க்க முடியவில்லை.

கரையை ஒட்டிய கடைசி வீட்டு வாசலில் ஒரு பாட்டி வாழையிலைத் துண்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். இருபது முப்பது காகங்கள், பயமே இல்லாமல் காலடியில். 2004 டிசம்பர் 26-ல் அவர் கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போன நாள் அது. அவர் உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து காகத்துக்கு வைக்காமல் பாட்டி ஒரு வாய் சாப்பிட்டதில்லை. இதெல்லாம் அண்ணன் மெதுவாகச் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் சின்னவள் பாட்டியிடம் போய்விட்டாள்.

"பாட்டி, உங்க காக்காதான் நேத்து ஆமைக்குட்டியைத் தின்னுச்சு."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, மன்னிச்சுக்கங்க அம்மா, சின்னப் பிள்ளை என்றேன். பாட்டி கோபப்படவில்லை. கையில் ஒட்டியிருந்த பருக்கைகளை உதறிவிட்டு அவளையே பார்த்தார்.

"காக்கா தின்னும்தான் பாப்பா. அது காக்கா. நீங்க ஏன் வெயில் ஏறின பெறகு விட்டீங்க?"

யாரும் எதுவும் பேசவில்லை. பாட்டி உள்ளே போய் மூன்று டம்ளரில் வரக்காப்பி கொண்டுவந்தார், கருப்பட்டி போட்டது. அண்ணனைப் பார்த்து, "இன்னொரு குழி எப்பப் பொரியும்?" என்றார். இன்று ராத்திரி வரலாம் என்றார் அண்ணன். "அப்ப ஆளைக் கூட்டாதே. நாளைக்குச் சோத்தை நான் மாரியம்மன் கோயில் பக்கம் கொண்டுபோய் வச்சுக்கறேன். எல்லாம் அங்க வந்துரும்."

நாளை மதியப் பேருந்தில்தான் கிளம்புகிறோம். லாட்ஜில் இன்னும் ஒரு நாள் வாடகை 700 ரூபாய்.

மார்ச் 17, திங்கள்

ராத்திரியே வந்து கரையில் படுத்துக்கொண்டோம். மூன்று மணி சுமாருக்கு அண்ணன் எழுப்பினார். வலைக்குள் மணல் லேசாகக் குழிந்தது, கொதிக்கிற கஞ்சி மாதிரி அசைந்தது, அப்புறம் ஒரு தலை, இரண்டு, பத்து. சூடு தணிந்த மணல் என்று தெரிந்துதான் இரவில் வருமாம். டார்ச் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கரையில் விளக்கு இருந்தால் அதைக் கடல் என்று நினைத்து ஊருக்குள் நடக்கும். மொத்தம் 52.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விடவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு அரை கிலோமீட்டர் நடந்து, இங்கே ஆறு, அங்கே ஏழு என்று விட்டார். சனிக்கிழமை விட்ட இடத்தைத் தாண்டித்தான் ஆரம்பித்தார். ஒரே இடத்தில் தினமும் விட்டால் தண்ணீருக்குள் மீன் வந்து காத்திருக்கப் பழகிவிடும் என்றார். தண்ணீர் ஓரத்தில் வைக்காமல் பத்துப் பதினைந்து அடி மேலேயே வைத்தார். தானாக நடந்து போகட்டும், வளர்ந்து முட்டையிட இந்தப் பக்கம் திரும்பி வர அந்த நடை வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோதான் பெரிதாகும் என்பார்கள். பெரிதாகப் பத்துப் பன்னிரண்டு வருஷம், அதற்கு மேலும் ஆகலாம். அதற்குள் சின்னவள் கல்லூரி முடித்திருப்பாள்.

நிலா மேற்கே சாய்ந்திருந்தது. புள்ளி புள்ளியாக நகர்ந்தது மட்டும் தெரிந்தது. அலை வந்து திரும்பும்போது புள்ளி இல்லை. படம் எடுக்க ஒன்றும் இல்லை. யாரும் கைதட்டவில்லை. வானத்தில் ஒரு பறவைகூட இல்லை. சின்னவள் என் விரலைப் பிடித்திருந்த பிடியைக் கடைசித் தொட்டி காலியான பிறகுதான் விட்டாள்.

வெளுத்ததும் தடம் பார்க்கப் போனாள். ஈரம் எட்டாத மணலில் குட்டித் துடுப்பு போட்ட கோடுகள், தையல் போட்ட மாதிரி, கடல் வரைக்கும். ஒவ்வொன்றாக எண்ணினாள். நாற்பத்தொன்பது கோடுகள் அலை அழித்த இடத்தில் முடிந்தன. மூன்று, பாதி வழியில் வளைந்து, நண்டுக் குழி வாயில் முடிந்தன.

அந்த மூன்றில் ஒரு குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். மணல் நிறத்தில் ஒரு நண்டு, இரண்டு கண்ணையும் குச்சி மாதிரி நிமிர்த்தி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. கையில் ஒரு பிடி மணல் அள்ளி வைத்திருந்தாள். குழியை மூடப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மணலைப் பக்கத்தில் கொட்டிவிட்டு எழுந்தாள்.

ஊர்ப் பக்கம், மாரியம்மன் கோயில் திசையில், காகங்கள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. பாட்டியின் குரல் காற்றில் விட்டு விட்டு வந்தது, "கா... கா..." என்று. சின்னவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.